இடைக்காலக் கோட்டைக்குள் வாழ்க்கையும் போரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமாவிலும் வீடியோ கேமிலும் வரும் ஐரோப்பியக் கோட்டையில் எந்நேரமும் ஆயிரம் வீரர்கள் இருப்பார்கள், சுவரெல்லாம் தீப்பந்தம் எரியும், யாராவது யார் தலையிலாவது கொதிக்கும் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலத்துக் கணக்குச் சுருள்களிலும் அரசாணைகளிலும் தெரியும் கோட்டை வேறு மாதிரி. அங்கே வாளைவிட அதிகம் பேசப்படுவது கோதுமை, பீர், உப்பு மீன், கூலி பாக்கி. இங்கே எடுத்துக்கொண்டது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வடக்கு பிரான்ஸ் பகுதிக் கோட்டைகளை மட்டும். காலம் 1066 முதல் 1460கள் வரை.

கோட்டை ராணுவ முகாமா, வீடா?

இரண்டும்தான். அதோடு நீதிமன்றம், வரி வசூல் அலுவலகம், தானியக் கிடங்கு, சமயத்தில் சிறை. 1066இல் வடக்கு பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் கட்டியவற்றில் பெரும்பாலானவை கல் கோட்டைகள் அல்ல. மண்ணைக் குவித்து ஒரு மேடு, அதன் உச்சியில் மரக் கோபுரம், கீழே மரவேலி போட்ட முற்றம், அவ்வளவுதான். ஆட்களைப் பிடித்து மண் சுமக்க வைத்தால் சீக்கிரமே எழுப்பிவிடலாம். கல்லுக்கு மாறியது போகப்போகத்தான். லண்டன் கோபுரம் என்ற கோட்டையின் நடுவில் நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1070களின் பிற்பகுதியில் தொடங்கியது. 27 மீட்டர் உயரம். சுற்றிலும் மரவீடுகள் மட்டுமே இருந்த ஊரில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்தால், பாதுகாப்பைப் போலவே மிரட்டலும் அதன் வேலை என்பது விளங்கும்.

உள்ளே எத்தனை வீரர்கள் இருப்பார்கள்?

எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு. வேல்ஸை அடக்க ஆங்கிலேய மன்னர் முதலாம் எட்வர்ட் கட்டிய கான்வி கோட்டைக்கு 1284இல் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. கோட்டை அதிகாரிக்கு ஆண்டுக்கு 190 பவுண்டு. அதில் அவர் 30 ஆட்களை வைத்துப் பராமரிக்க வேண்டும். அந்த 30 பேரில் 15 பேர் குறுக்குவில் வீரர்கள். மிச்சத்தில் ஒரு பாதிரியார், ஆயுதம் பழுதுபார்ப்பவர் ஒருவர், ஒரு கொத்தனார், ஒரு தச்சர், ஒரு கொல்லர். மீதிப் பத்துப் பேர் வாயிற்காவலும் இரவுக்காவலும் இதர வேலைகளும் பார்ப்பவர்கள். எட்டுக் கோபுரங்கள் கொண்ட கோட்டைக்கு இவ்வளவுதான் ஆள்.

போர் வந்தால் கூட்டுவார்கள். ஆனால் மதில் நன்றாக இருந்தால் கூட்ட வேண்டிய அவசியமே பல சமயம் வராது. 1294இல் வெடித்த வேல்ஸ் கலகத்தில் ஹார்லெக் கோட்டையை 37 பேர் காப்பாற்றிவிட்டார்கள். 1216இல் இங்கிலாந்துக்குள் படையெடுத்து வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி பெரும்படையோடு ஓடிஹாம் கோட்டையைச் சூழ்ந்தபோது உள்ளே இருந்தது 3 நைட்டுகளும் (உயர்குடிக் குதிரைவீரர்கள்) 10 சாதாரண வீரர்களும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் தாக்குப்பிடித்து, பிறகு உயிருக்கும் குதிரைக்கும் ஆயுதத்துக்கும் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெளியே வந்தது 13 பேர்தான் என்று பார்த்து முற்றுகையிட்டவர்கள் அசந்துபோனார்களாம்.

அப்படியானால் பிரபு எங்கே?

பெரும்பாலும் வேறெங்கோ. ஒரு பெரிய பிரபுவுக்குப் பல கோட்டைகளும் பண்ணை வீடுகளும் இருக்கும். பரிவாரத்தோடு ஓரிடத்தில் தங்கி, அங்கே விளைந்ததைத் தின்று தீர்த்து, அடுத்த இடத்துக்குப் போவார். விளைச்சலை அவரிடம் வண்டிகட்டி அனுப்புவதைவிட, அவரே விளைச்சலிடம் போவது சுலபம். போகும்போது கட்டில், மெத்தை, சுவரில் தொங்கும் திரைச்சீலை, பாத்திரம், சிற்றாலயத்தின் பூசைப் பொருள்கள் எல்லாம் வண்டியேறும். அவர் போன பிறகு கோட்டையில் இருப்பது அதிகாரி, சில காவலர், அவர்களுக்குச் சமைப்பவர், கொஞ்சம் எலிகள்.

என்ன சாப்பிட்டார்கள்?

ரொட்டியும் பீரும் அடிப்படை. பீர் என்றால் போதைக்கான சரக்கு என்று நினைக்க வேண்டாம். எல்லோரும் தினமும் குடிக்கும் லேசான பானம். சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் வாரா வாரம் காய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். திராட்சை மது பிரபுவின் மேசைக்கு. முக்கியச் சாப்பாடு நண்பகலுக்கு முன்பே முடிந்துவிடும். மாலையில் சின்னதாக ஒரு வேளை.

இறைச்சி உண்டு, ஆனால் எல்லா நாளும் கிடையாது. வெள்ளிக்கிழமை கட்டாயம் மீன், பல வீடுகளில் புதனும் சனியும்கூட. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால் நாற்பது நாளும் மீன்தான். 1265ஆம் ஆண்டுக்கான ஒரு வீட்டுக் கணக்குச் சுருள் நமக்குக் கிடைத்திருக்கிறது. மன்னர் மூன்றாம் ஹென்றியின் தங்கையும், அவரை எதிர்த்துக் கிளர்ந்த சைமன் த மான்ட்ஃபோர்ட்டின் மனைவியுமான எலினோர் சீமாட்டியின் வீட்டுக் கணக்கு அது. நாடே உள்நாட்டுப் போரில் கிடக்கிறது, எழுத்தரோ அன்றன்றைக்கு எத்தனை மீன் செலவு, குதிரைக்கு எவ்வளவு ஓட்ஸ் என்று விடாமல் குறித்துக்கொண்டிருக்கிறார். தவக்காலத்தில் ஒரு நாளைக்கு 400 முதல் 1,000 ஹெர்ரிங் மீன்வரை போயிருக்கிறது. பெரும்பாலும் உப்பிட்டதோ புகையூட்டியதோதான். கருவாட்டுப் பிரியர்களுக்குக்கூட நாற்பது நாள் கொஞ்சம் அதிகம்.

மிளகு, இஞ்சி, லவங்கம் எல்லாம் பணக்கார சமையற்கட்டில் இருந்தன. கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கத்தான் மசாலா போட்டார்கள் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். மிளகு வாங்கும் வசதி இருந்தவனுக்குப் புது இறைச்சி வாங்க வசதி இல்லாமலா போகும்?

கழிப்பறை இருந்ததா? குளித்தார்களா?

இருந்தது. மதிலின் தடிமனுக்குள்ளேயே ஒரு சின்ன அறை, கல் அல்லது மரப்பலகை இருக்கை, கீழே நேராக அகழிக்கோ குழிக்கோ போகும் புழை. துடைக்க வைக்கோல், பாசி, கந்தல் துணி. குழி நிறைந்தால் இரவில் ஆள் வந்து அள்ளுவார்கள். அதற்குக் கூலி நல்ல கூலி. கான்வி ஊர் மதிலில் வரிசையாகப் பன்னிரண்டு கழிப்பறைகள் இன்றும் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அங்கே போகிற எல்லோரும் போட்டோ எடுக்கும் இடம் அது.

குளியல் வசதியுள்ளவர்களுக்கு மரத்தொட்டியில், உள்ளே துணி விரித்து, வெந்நீர் சுமந்து ஊற்றி. மற்றவர்களுக்கு ஆறு, அல்லது முகம் கைகால் கழுவுவதோடு சரி. சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவது மட்டும் கறாரான மரியாதை. பொதுத் தட்டிலிருந்து கையால் எடுத்துச் சாப்பிடுபவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

குளிர், இருட்டு?

இரண்டும் உண்டு. ஆனால் வெறும் கருங்கல் சுவருக்கு நடுவே வாழவில்லை. உள்ளே பூச்சு பூசி, வெள்ளையடித்து, வண்ணமும் தீட்டியிருந்தார்கள். வெள்ளைக் கோபுரத்துக்கு அந்தப் பெயர் வந்ததே வெளியில் அடித்த சுண்ணாம்பால்தான். சுவரோடு சேர்ந்த புகைபோக்கி அடுப்பு பிரபுவின் அறையில். பெரிய கூடத்தில் பல இடங்களில் நடுத்தரையிலேயே தீ மூட்டினார்கள், புகை கூரை வழியாகப் போனால் போகும். வேலைக்காரர்கள் இரவில் அந்தக் கூடத்திலேயே வைக்கோல் மெத்தை போட்டுப் படுத்துவிடுவார்கள். தனியறை என்பது பெரிய ஆடம்பரம். மெழுகுவர்த்தி விலை அதிகம்; மாட்டுக் கொழுப்புத் திரியும், கொழுப்பில் தோய்த்த கோரைத் தண்டும்தான் சாதாரண வெளிச்சம். அதனால் வேலையெல்லாம் பகலிலேயே.

பெண்கள் இருந்தார்களா?

எண்ணிக்கையில் குறைவு. சமையல்காரர் உட்பட வேலையாட்களில் பெரும்பாலோர் ஆண்கள். துணி வெளுப்பவர்களும் சீமாட்டியின் தோழிகளும் குழந்தைகளின் தாதிகளும்தான் பெண்கள். ஆனால் கணவர் ஊரில் இல்லாதபோது கோட்டையை நடத்துவது சீமாட்டி. சிலர் அதற்கும் மேலே. இங்கிலாந்தின் லிங்கன் நகரக் கோட்டைக்கு அதிகாரியாகத் தன் சொந்த உரிமையில் இருந்தவர் நிக்கோலா த லா ஹே. வயதாகிவிட்டது என்று சொல்லிக் கோட்டைச் சாவியை ஜான் மன்னரிடம் நீட்டினார். மன்னரோ ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 1217இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்துக் கோட்டையைச் சூழ்ந்தது. அறுபதைக் கடந்த அந்தப் பெண்மணி, மீட்புப்படை வரும்வரை விட்டுக்கொடுக்கவே இல்லை.

1338இல் ஸ்காட்லாந்தின் டன்பார் கோட்டையை ஐந்து மாதம் காத்த ஆக்னஸ் சீமாட்டியின் கதை இன்னும் குறும்பானது. எதிரியின் கல் வந்து மதிலில் மோதிய இடத்தைத் தோழிகளை விட்டுக் கைக்குட்டையால் தூசு தட்டச் சொன்னாராம். கடைசியில் ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டுப் போனார்கள்.

பாதாளச் சிறை?

வழிகாட்டிகள் காட்டும் ‘பாதாளச் சிறை’களில் பல, உண்மையில் பீர் பீப்பாய் வைத்த நிலவறைகள். கோட்டையில் சிறைவைக்கப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் மீட்புப்பணம் தரக்கூடிய பெரிய மனிதர்கள். அவர்களைக் கொன்றால் நஷ்டம். லண்டன் கோபுரத்தின் முதல் கைதியாகப் பேர் எடுத்த ரானல்ஃப் ஃபிளாம்பார்ட் ஒரு பிஷப். 1101இல் மது பீப்பாய்க்குள் ஒளித்துக் கயிறு வரவழைத்து, காவலர்களுக்கு அதே மதுவை ஊற்றிக் கொடுத்து மட்டையாக்கி, ஜன்னல் வழியாக இறங்கித் தப்பிவிட்டார். முதல் கைதியே முதல் தப்பியோடி.

கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்களா?

அரிது. எண்ணெய் விலை உயர்ந்த பொருள். கல், வெந்நீர், சுடு மணல், சுட்ட சுண்ணாம்பு ஆகியவை மலிவு. அதிலும் கல்தான் முதல் தேர்வு, சூடாக்க வேண்டியதில்லை.

மாடிப்படி வலப்பக்கமாகச் சுழல்வது வாள்வீச்சுக்காகவா?

மேலிருந்து இறங்குபவருக்கு வலக்கையை வீச இடம் கிடைக்கும், ஏறுபவருக்குக் கிடைக்காது என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கும். ஆனால் இடப்பக்கம் சுழலும் படிகளும் பல கோட்டைகளில் உண்டு. எதிரி படிக்கட்டுவரை வந்துவிட்டால் ஆட்டம் அநேகமாக முடிந்துவிட்டது என்பதே நிஜம். இது பிற்காலத்தவர் கட்டிய விளக்கம் என்றே எனக்குப் படுகிறது.

முற்றுகை எப்படித்தான் நடக்கும்?

பெரும்பாலும் பேச்சுவார்த்தையாக. தாக்குபவருக்கும் நேரம் பகைதான். வெட்டவெளியில் முகாம் போட்டால் வயிற்றுப்போக்கு பரவும், சுற்றுவட்டாரத்தில் தீவனம் தீரும், கூலி ஏறும், வீரர்கள் ஊர் திரும்பப் பார்ப்பார்கள். அதனால் ‘இன்ன தேதிக்குள் உன் மன்னர் வந்து மீட்காவிட்டால் கோட்டையைக் கொடுத்துவிடு’ என்று தவணை போடுவது வழக்கம். ஸ்காட்லாந்தில் ஆங்கிலேயர் வசம் இருந்த ஸ்டர்லிங் கோட்டைக்கு அப்படிப் போட்ட தவணை 1314 ஜூன் 24. அந்தத் தேதிக்குள் மீட்கவேண்டும் என்றுதான் ஆங்கிலேய மன்னர் இரண்டாம் எட்வர்ட் படையெடுத்து வந்து, கோட்டைக்கு அருகே பேனக்பர்னில் தோற்றார்.

தண்ணீர் தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது. 1136இல் ஸ்டீபன் மன்னர் எக்ஸிடர் கோட்டையை மூன்று மாதம் சூழ்ந்தபோது உள்ளே கிணறு வற்றிவிட்டது. மது மட்டும் நிறைய இருந்தது. மதுவில் மாவு பிசைந்தார்கள், மதுவில் சமைத்தார்கள், வெளியிலிருந்து வந்து விழுந்த தீயைக்கூட மதுவை ஊற்றித்தான் அணைத்தார்கள். அதுவும் தீர்ந்ததும் சரணடைந்தார்கள். நல்ல கோட்டை கட்டுபவர் முதலில் கிணற்றைப் பார்ப்பார் என்பது இதனால்தான். ரோச்செஸ்டர் கோபுரத்தில் கிணற்றுப் புழை நடுச்சுவருக்குள்ளேயே மேல்தளம்வரை ஏறுகிறது. எந்த மாடியிலிருந்தும் வாளி இறக்கலாம்.

பன்றிகளை வைத்து ஒரு கோட்டையைத் தகர்த்தார்களாமே, உண்மையா?

உண்மை, அதே ரோச்செஸ்டர்தான். 1127 முதல் கட்டிய சதுரக் கோபுரம், 34 மீட்டர் உயரம், மூன்றரை மீட்டர் தடிமன் சுவர். 1215இல் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா ஒப்பந்தம் முறிந்ததும் கலகக்கார பிரபுக்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அக்டோபரில் ஜான் மன்னர் நேரில் வந்து சூழ்ந்தார். கேன்டர்பரிக்கு அவர் அனுப்பிய ஆணை: இரவு பகலாக, முடிந்த அளவு பிக்காக்ஸ் செய்து அனுப்பு. கல்லெறி பொறிகளால் கோபுரம் அசையவில்லை. எனவே சுரங்கம் தோண்டுபவர்கள் தென்கிழக்கு மூலைக்கு அடியில் புகுந்தார்கள். தோண்டத் தோண்ட மேலே சுவர் சரியாமல் மரக்கால் நட்டு முட்டுக்கொடுப்பார்கள். முடிந்ததும் அந்த மரத்துக்குத் தீ வைக்க வேண்டும், மரம் எரிந்தால் சுவர் இறங்கும். காற்றோட்டமில்லாத ஈரக் குழிக்குள் பச்சை மரம் லேசில் எரியாது. நவம்பர் 25ஆம் தேதி மன்னர் தன் நீதித்துறைத் தலைவர் ஹியூபர்ட் த பர்குக்கு எழுதினார்: தின்ன லாயக்கில்லாத, கொழுத்த பன்றிகளாக 40 அனுப்பு, கோபுரத்துக்கு அடியில் நெருப்பு மூட்ட வேண்டும்.

மூலை சரிந்தது. அப்போதும் சண்டை முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் நடுச்சுவருக்கு மறுபக்கம் ஒதுங்கி, தங்கள் விலையுயர்ந்த போர்க்குதிரைகளையே அறுத்துத் தின்றுகொண்டு போராடினார்கள். நவம்பர் 30இல் பசி ஜெயித்தது. எல்லோரையும் தூக்கிலிட ஜான் துடித்தார். அவருடைய தளபதி சவாரி த மோலியோன்தான் ‘நாளைக்கு நம் ஆட்கள் பிடிபட்டால் இதே கதி’ என்று தடுத்தார். தொங்கியது ஒரே ஒருவன், முன்பு மன்னர் வீட்டிலேயே வளர்ந்த ஒரு குறுக்குவில் வீரன். பிறகு அந்த மூலையைப் புதுப்பித்தபோது வட்டமாகக் கட்டினார்கள். மூன்று மூலை சதுரம், ஒன்று மட்டும் வட்டம் என்று இன்றும் தூரத்திலிருந்தே தெரியும்.

கல்லெறி பொறி எவ்வளவு சக்தி வாய்ந்தது?

ஒரு முனையில் டன் கணக்கில் எடை தொங்க, மறுமுனைக் கவணில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட கல்லையும் வீசக்கூடியது பெரிய வகை. 1304இல் ஸ்டர்லிங்கில் முதலாம் எட்வர்ட் செய்ய வைத்த ‘போர் ஓநாய்’ என்ற பொறிக்கு ஐந்து தலைமைத் தச்சர்களும் ஐம்பது ஆட்களும் வேலை செய்தார்கள். அது தயாராகும் நேரத்தில் கோட்டைக்காரர்கள் சரணடைகிறோம் என்றார்கள். எட்வர்ட் ஒப்புக்கொள்ளவில்லை; இவ்வளவு செலவு செய்ததை ஒரு தடவையாவது விட்டுப் பார்க்காமல் எப்படி என்று, அவர்களை உள்ளேயே இருக்கச் சொல்லிக் கல்லை வீசிப் பார்த்தார். அரண்மனைப் பெண்கள் வேடிக்கை பார்க்கத் தோதாக ஊருக்குள் ஒரு வீட்டில் ஜன்னலும் வைத்துக் கொடுத்தார்.

கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்த ஊர்மக்களுக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி.

நார்மண்டியில் செய்ன் நதிக்கு மேலே ஆங்கிலேய மன்னர் சிங்க நெஞ்சர் ரிச்சர்ட் 1196 முதல் 1198 வரை இரண்டே ஆண்டில், சுமார் 12,000 பவுண்டு கொட்டிக் கட்டியது ஷாட்டோ கையார். அவர் இறந்த பிறகு, 1203இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் அதைச் சூழ்ந்தார். கீழே இருந்த சிற்றூர் மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கோட்டைக்குள் ஓடி வந்தார்கள். கோட்டைத் தலைவர் ரோஜர் த லேசி கிடங்கைக் கணக்குப் பார்த்தார். இத்தனை வாய்க்குப் போட்டால் வசந்தம்வரை தாங்காது. கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பினார். முதல் இரண்டு கூட்டங்களைப் பிரெஞ்சுப் படை போகவிட்டது. பிறகு, உள்ளே சோறு சீக்கிரம் தீரட்டும் என்று பிலிப் வழியை அடைக்கச் சொன்னார்.

கடைசிக் கூட்டம் கோட்டை வாசலுக்கும் பிரெஞ்சு அகழிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. திரும்பி வந்தால் கதவு திறக்கவில்லை, முன்னே போனால் அம்பு. குளிர்காலம் முழுக்க அந்தச் சரிவில் பள்ளங்களில் கிடந்தார்கள். புல்லைத் தின்றார்கள், தீனி போட முடியாமல் கோட்டையிலிருந்து விரட்டிய நாய்களைத் தின்றார்கள். பாதிக்கு மேல் செத்த பிறகு, அந்தப் பக்கம் வந்த பிலிப்பிடம் கதறி அழ, அவர் இரங்கிச் சாப்பாடு போட்டு அனுப்பினார். பலவீனப்பட்ட வயிற்றில் திடீரென விழுந்த சாப்பாட்டிலும் பலர் செத்தார்கள். இதை எழுதி வைத்தவர் பிலிப்பின் பரிவாரத்தில் இருந்த ஒரு பாதிரியார், அதாவது ஜெயித்த பக்கத்து ஆள்.

கோட்டை 1204 மார்ச்சில் விழுந்தது. நடு முற்றத்துக்குள் வீரர்கள் கழிப்பறைப் புழை வழியாக ஏறிப் போனார்கள் என்பது பிரபலமான கதை. சிற்றாலயத்தின் ஜன்னல் வழியாகத்தான் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

ஏமாற்றிக் கோட்டை பிடித்ததுண்டா?

நிறைய. சிறந்தது கான்வி, 1401 பெரிய வெள்ளி. காவற்படையினர் கிட்டத்தட்ட எல்லோரும் ஊர்க் கோயிலில் பூசையில் இருந்தார்கள். கோட்டையில் இரண்டு காவலர். வேலைக்கு வந்திருக்கிறேன் என்று ஒரு தச்சர் கதவைத் தட்டினார், திறந்தார்கள், பின்னாலேயே வேல்ஸ் கலகக்காரர்கள் நுழைந்துவிட்டார்கள். சுமார் 15,000 பவுண்டு செலவில் எழுந்த கோட்டை. திரும்பக் கிடைக்கச் சில மாதப் பேரமும் மன்னிப்பும் தேவைப்பட்டன.

ஒரு கோட்டை கட்ட என்ன ஆகும்?

வேல்ஸின் ஆங்கில்சீத் தீவில் முதலாம் எட்வர்ட் கட்டிய பியூமாரிஸ் கோட்டைக்கு 1296இல் தலைமைக் கொத்தனார் ஜேம்ஸ், கருவூலத்துக்கு எழுதிய கடிதம் கேட்பது: 400 கொத்தனார்கள், 2,000 சிற்றாட்கள், 200 கல்லுடைப்பவர்கள், 30 கொல்லர் தச்சர், 100 வண்டி, 60 பாரவண்டி, 30 படகு. ஆட்களுக்குக் கூலி பாக்கி நிற்கிறது, சாப்பாட்டுக்கே வழியில்லாமல் ஓடிப்போகிறார்கள் என்றும் அதில் புலம்பல். பணம் ஸ்காட்லாந்துப் போருக்குப் போய்விட்டது. பியூமாரிஸ் கடைசிவரை முடியவேயில்லை.

பீரங்கி வந்ததும் கோட்டை ஒழிந்ததா?

ஒரே நாளில் இல்லை. இங்கிலாந்தில் பீரங்கிக்கு முதலில் பணிந்தது வடகிழக்குக் கரையில் உள்ள பாம்பரோ கோட்டை, 1464. ஆனால் அதற்கு முன்பே பிரபுக்களுக்குப் பெரிய ஜன்னலும் நல்ல அடுப்பும் உள்ள வீடுகளில் ஆசை வந்துவிட்டது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் 1640களில் நடந்த உள்நாட்டுப் போரில் பழைய மதில்கள் மறுபடி பயன்பட்டன. போர் முடிந்ததும், இனி எவனும் உள்ளே புகுந்து உட்காரக்கூடாது என்று நாடாளுமன்றம் பலவற்றை வேண்டுமென்றே இடித்துப் போட்டது. இன்று பாழடைந்து தெரியும் கோட்டைகளில் கணிசமானவை அப்படி ஆனவைதான்.

நேரில் பார்ப்பதானால் எது?

போரைப் புரிந்துகொள்ள ரோச்செஸ்டர். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். மதில்மேல் நடக்க கான்வி. கட்டுமான வேலையைப் பார்க்க ஆசையென்றால் பிரான்ஸின் பர்கண்டியில் கெடெலோன்: 1997 முதல் 13ஆம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு புதுக் கோட்டையை எழுப்பி வருகிறார்கள். பெரிய மரச்சக்கரத்துக்குள் ஆள் நடந்து நடந்து கல்லை மேலே ஏற்றுவதை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். மழை பெய்தால் தரை சேறாகிவிடும், நல்ல ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.